ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்கள் கொலஸ்ட்ரால் மாத்திரை போடலாமா?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் படிக்கிற ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள், பெரும்பாலும் ஒரே வரியில் போய் நின்றுவிடுகிறார்கள். ‘கல்லீரல் நோய் இருப்பவர்கள் இந்த மருந்தை எடுக்கக் கூடாது’ என்கிற வரி அது. இருதய டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டால், “எதற்கும் கல்லீரல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்பார்கள். கல்லீரல் டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அதுவரை மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும். சிலருக்கு அந்த இரண்டு மாதம் வருடக்கணக்காக நீண்டுவிடுகிறது. அதற்கிடையே மாரடைப்பு வந்துவிட்டால், அதற்கும் அலமாரியில் கிடந்த அந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது என்பது மட்டுமே ஸ்டாட்டினை மறுக்கக் காரணம் ஆகாது. ஆபத்து இருக்கிறது, ஆனால் நாம் பயப்படும் இடத்தில் இல்லை. கல்லீரல் தன் வேலையைச் செய்ய முடியாமல் தளர்ந்துவிட்ட நிலை ஒன்று. வைரஸை ஒழிக்கும் மாத்திரைகளைப் போடும் அந்த 8 அல்லது 12 வாரம் மற்றொன்று. உண்மையான கவனம் இந்த இரண்டு இடங்களில்தான் தேவை.

முதலில், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்டாட்டின்கள் வேலை செய்வதே கல்லீரலில்தான். கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதற்குக் கல்லீரல் பயன்படுத்தும் ஒரு நொதியை அவை தடுக்கின்றன. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் செல்கள் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொழுப்பை அதிகமாக இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. 1987-ல் அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினுக்கு அனுமதி கிடைத்தபோதே, மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு எஸ்ஜிபிடி ஏறுவது தெரிந்திருந்தது. ரிப்போர்ட்டில் ஏஎல்டி என்றும் இது வரும், இரண்டும் ஒன்றுதான். கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் இந்த நொதி ரத்தத்தில் கூடினால், அந்தச் செல்களுக்கு ஏதோ தொந்தரவு என்று பொருள்கொள்கிறோம். வழக்கமான அளவில் ஸ்டாட்டின் போடுபவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இது மூன்று மடங்குக்கு மேல் ஏறலாம். டோஸ் கூடினால் இந்த விகிதமும் சற்றுக் கூடும். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. பலருக்கு மாத்திரையை நிறுத்தாமலேயே தானாக இறங்கிவிடும்.

எஸ்ஜிபிடி ஏறுவதும் கல்லீரல் பாழாவதும் ஒன்றல்ல. நோயாளிகள் மட்டுமல்ல, சில டாக்டர்களும் இங்கேதான் தயங்குகிறார்கள். ஸ்டாட்டினால் கல்லீரலுக்குக் கடுமையான பாதிப்பு வருவது மிக மிக அரிது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2012-ல் தன் பழைய அறிவுரையை மாற்றியது. ஸ்டாட்டின் தொடங்குமுன் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்தால் போதும், அதன்பின் அறிகுறி தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம், மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றது. அண்மைக் காலத்தில் அங்கே அட்டார்வாஸ்டாட்டின் தாளில் உள்ள தடை வாசகமும் மாறியிருக்கிறது. ‘கல்லீரல் நோய்’ என்று பொதுவாகச் சொல்லாமல், திடீர்க் கல்லீரல் செயலிழப்பு, கட்டுப்பாடு இழந்த சிரோசிஸ் (தழும்பேறிய கல்லீரல் வேலையைச் சமாளிக்க முடியாமல் போன நிலை) ஆகிய இரண்டை மட்டும் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் பெட்டியில் பழைய வாசகமே இருக்கலாம். தாள்கள் மெதுவாகத்தான் மாறுகின்றன.

சரி, ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். கொழுப்புக் கல்லீரல், ஹெபடைட்டிஸ் சி போன்ற நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ள 326 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரு பாதிக்குத் தினமும் 80 மில்லிகிராம் பிரவாஸ்டாட்டின், அதாவது அந்த மருந்தின் உச்ச அளவு. மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 36 வாரம் தொடர்ந்தார்கள். எஸ்ஜிபிடி இரட்டிப்பானவர்கள் பிரவாஸ்டாட்டின் குழுவில் அதிகமாக இருக்கவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் வெற்று மாத்திரைக் குழுவைவிடக் குறைவுதான். எல்டிஎல் மட்டும் நன்றாக இறங்கியிருந்தது. கல்லீரல் கட்டுக்குள் இருக்கும் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த ஆய்வில் அளந்த விதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி உள்ளவருடைய எஸ்ஜிபிடி, மருந்தே இல்லாவிட்டாலும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். உச்ச வரம்பு 40, நோயாளிக்கு 88. ஸ்டாட்டின் தொடங்கி ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 104. இதைப் பார்த்ததும் “மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிட்டது” என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் மாத்திரை போடுவதற்கு முந்தைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்தால் 71, 112, 95 என்று இருக்கும். அவருக்கு 104 என்பது வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் வரும் எண். அதனால் இவர்களுக்கு அளவுகோல் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 40 அல்ல, அவரவருடைய தொடக்க எண். அது இரட்டிப்பானால் கவனிக்க வேண்டும். கூடவே காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் ஏறினால், கண் மஞ்சளித்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டாட்டின் தொடங்குவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

இந்த வைரஸுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு, மற்ற எந்தக் கல்லீரல் வைரஸிலும் பார்க்க முடியாத அளவுக்கு நெருக்கமானது. 1989-ல் கண்டறியப்பட்ட ஹெபடைட்டிஸ் சி வைரஸ் ரத்தத்தில் தனியாக அலைவதில்லை. கல்லீரல் கொழுப்பைப் பொதிந்து ரத்தத்துக்கு அனுப்பும் துகள்களோடு பிணைந்தே அது வெளியே வருகிறது. அந்தத் துகள்களில் இருக்கும் புரதங்களையும் சுமந்துகொண்டு திரிகிறது. அடுத்த செல்லுக்குள் நுழையும்போதும், கொழுப்பை உள்ளே வாங்குவதற்காகச் செல்லில் இருக்கும் ஏற்பிகள் சிலவற்றையே பயன்படுத்திக்கொள்கிறது. கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்பும் வேலை இதனால் தடுமாறுகிறது. கொழுப்பு கல்லீரலுக்குள் தங்குகிறது, ரத்தத்தில் குறைகிறது. வைரஸின் 3-ஆம் மரபணு வகையில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

விளைவு: ஹெபடைட்டிஸ் சி உள்ள பலருக்குக் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். எல்டிஎல் 90, 95 என்று வரும். “இருதயத்துக்கு ஒன்றும் பயமில்லை” என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. நாள்பட்ட அழற்சியும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் இந்த நோயோடு சேர்ந்தே வருகின்றன. இவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பும் இருதய நோயும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. வைரஸ் அழுத்தி வைத்திருக்கும் எண்ணைக் கொண்டு இருதய ஆபத்தைக் கணக்குப் போட்டால் விடை தவறாகத்தான் வரும். இப்படிப்பட்டவருக்கும் ஸ்டாட்டின் வேண்டும் என்று இருதய டாக்டர் சொன்னால், அது வெறும் எல்டிஎல் எண்ணைப் பார்த்துச் சொன்னதாக இருக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருப்பார்.

இனி முதல் ஆபத்து. சிரோசிஸ் என்பது ஒரே நிலை அல்ல. கல்லீரல் தழும்பேறி இருந்தாலும் வேலையைச் சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் ஸ்டாட்டினை வழக்கம்போலக் கொடுக்கலாம் என்பதே இன்றைய நிபுணர்களின் நிலைப்பாடு. வயிற்றில் நீர் கோப்பது, குழப்பம், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை என்று வந்துவிட்டால் கதை வேறு. மருந்தைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலால் அது முடியாது. ரத்தத்தில் ஸ்டாட்டின் தேங்கும். தேங்கினால் அடி வாங்குவது பெரும்பாலும் தசை. முற்றிய சிரோசிஸ் நோயாளிகளுக்குத் தினமும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் கொடுத்த ஆய்வுகளில் தசை சிதைந்துபோகும் பாதிப்பு சிலருக்கு வந்தது. 20 மில்லிகிராமில் அந்த அளவுக்கு வரவில்லை. அதனால் நடுத்தர நிலையில் குறைந்த டோஸும் நெருக்கமான கண்காணிப்பும் வேண்டும், மிக முற்றிய நிலையில் கொடுப்பதால் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை. இது முழுக்க முழுக்கக் கல்லீரல் டாக்டர் முடிவெடுக்க வேண்டிய இடம்.

இரண்டாவது ஆபத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி இன்று குணமாகிற நோய். சோஃபோஸ்புவிர் 2013 இறுதியில் வந்தபின் சிகிச்சையே மாறிவிட்டது. 8 அல்லது 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது. ஆனால் இந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் பலவும், ஸ்டாட்டினை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் கொண்டுபோகும் புரதங்களைத் தடுக்கின்றன. குடலிலும் கல்லீரலிலும் மருந்தை வெளியே தள்ளும் புரதங்களையும், சிலவற்றைச் சிதைக்கும் நொதியையும்கூடத் தடுக்கின்றன. ஸ்டாட்டினுக்குக் கல்லீரலுக்குள் போக வழியில்லை, வெளியேறவும் வழியில்லை. ரத்தத்திலேயே சேர்கிறது.

எவ்வளவு சேர்கிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கிளெக்காப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விர் கூட்டு மாத்திரையோடு அட்டார்வாஸ்டாட்டின் சேர்ந்தால், உடம்பு சந்திக்கும் அட்டார்வாஸ்டாட்டின் அளவு எட்டு மடங்குக்கு மேல் போகிறது. 10 மில்லிகிராம் போடுகிறவர், தெரியாமலே 80 மில்லிகிராம் போட்ட கணக்கு. சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர்–வாக்சிலாப்ரெவிர் என்ற மூன்று மருந்துக் கூட்டோடு ரோசுவாஸ்டாட்டின் சேர்ந்தால் ஏழு மடங்குக்கு மேல். கல்லீரலுக்காகப் பயந்து மாத்திரையைத் தள்ளிப்போட்ட அதே ஆள், இந்தப் பன்னிரண்டு வாரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு எந்தப் பயமும் இல்லாமல் இருப்பார். எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது.

எந்தக் கூட்டோடு எந்த ஸ்டாட்டின் என்பது மருந்துக்கு மருந்து மாறும். கிளெக்காப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விர் எடுக்கும்போது அட்டார்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் மூன்றும் கூடாது. பிரவாஸ்டாட்டின் என்றால் பாதி டோஸ். ரோசுவாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் 10 மில்லிகிராம் வரை என்கிறார்கள், ஐரோப்பாவில் 5 மில்லிகிராமோடு நிறுத்தச் சொல்கிறார்கள். சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் கூட்டில் கெடுபிடி இவ்வளவு இல்லை. ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அட்டார்வாஸ்டாட்டின் போடலாம் ஆனால் தசைவலியைக் கவனிக்க வேண்டும், பிரவாஸ்டாட்டினில் பெரிய சிக்கல் இல்லை. சோஃபோஸ்புவிர்–லெடிபாஸ்விர் என்றால் ரோசுவாஸ்டாட்டின் வேண்டாம் என்று அமெரிக்கத் தாள் சொல்கிறது. எல்பாஸ்விர்–கிராசோப்ரெவிர் கூட்டில் அட்டார்வாஸ்டாட்டின் 20, ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் என்பது உச்சம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டாக்டர்களே லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் மருந்து மோதல் இணையப் பட்டியலைத் திறந்து பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் யாரும் இலவசமாகப் பார்க்கக் கூடியது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்டாட்டினை மாற்றுவது, டோஸைக் குறைப்பது, சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைப்பது. இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர், முன்னெச்சரிக்கையாக மட்டும் ஸ்டாட்டின் போடுகிறவர் என்றால், 8 அல்லது 12 வாரம் நிறுத்துவதால் பெரிய இழப்பு இல்லை. பல டாக்டர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு மோதாத ஸ்டாட்டினுக்கு மாற்றுவதோ, ஸ்டாட்டினோடு மோதாத வைரஸ் மருந்தைத் தேர்வதோதான் வழி. நிறுத்தி வைப்பதென்று முடிவானால், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்குவது என்பதையும் அன்றைக்கே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வைரஸ் போன சந்தோஷத்தில் ஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்க மறந்துபோவது சுலபம். கல்லீரல் டாக்டர் இருதய டாக்டர் தொடங்குவார் என்று இருப்பார், இருதய டாக்டருக்கு நிறுத்தியதே தெரியாது.

தசைவலியை எப்படி அடையாளம் காண்பது? ஹெபடைட்டிஸ் சி-யே உடல்வலியும் அசதியும் தரும் நோய் என்பதால் இங்கே குழப்பம் சகஜம். ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வரும். தொடை, இடுப்பு, தோள், மேற்கை என்று பெரிய தசைகளில் இருக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது, படி ஏறினால் தொடை கனக்கும், தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே ஓய்ந்துவிடும். மாத்திரை தொடங்கிய பிறகோ, டோஸ் கூட்டிய பிறகோ, புது மருந்து ஒன்று சேர்ந்த பிறகோ வந்த வலி என்றால் சந்தேகம் வலுக்கும். சிகே என்ற தசை நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாகவும் இருக்கலாம், காமாலையாகவும் இருக்கலாம். இரண்டுமே காத்திருக்கக் கூடியவை அல்ல.

வைரஸ் மாத்திரை சாப்பிடும் நாட்களில் எஸ்ஜிபிடி திடீரென ஏறினால், பழியை ஸ்டாட்டின்மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. முன்பு ஹெபடைட்டிஸ் பி வந்துபோனவர்களுக்கு, சி வைரஸ் ஒழியும் நேரத்தில் பி வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். எஃப்டிஏ 2016-ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை மாத்திரைத் தாளிலேயே சேர்க்கச் செய்தது. சிகிச்சைக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றக் கொலஸ்ட்ரால் மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. எசெட்டிமைப் லேசான கல்லீரல் பாதிப்பில் போடலாம், மிதமான, கடுமையான பாதிப்பில் வேண்டாம். ஃபெனோஃபைப்ரேட் தாளில் கல்லீரல் நோய்க்குத் தடை இருக்கிறது. நியாசின், அதிலும் மெதுவாகக் கரையும் வகை, கல்லீரலுக்கு உண்மையிலேயே கெடுதல் செய்யக் கூடியது. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இயற்கைப் பெயரில் விற்கும் மாத்திரையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். டோஸ் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாமல், டாக்டருக்கும் சொல்லாமல், வைரஸ் மருந்தோடு சேர்த்து அதைச் சாப்பிடுவது மேலே சொன்ன எல்லா ஆபத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது.

ஸ்டாட்டின் கல்லீரலுக்கு நல்லதும் செய்யுமா என்ற கேள்வியும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வைரஸ் பெருகுவதைச் சில ஸ்டாட்டின்கள் தடுத்தன. நோயாளிகளிடம் அது தனியாக வைரஸை ஒழிக்கவில்லை, எனவே ஹெபடைட்டிஸ் சி-க்கு அது மருந்தல்ல. கல்லீரல் புற்றுநோய் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ள 16,668 பேரின் பதிவுகளை வைத்து ஸ்வீடனில் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. அட்டார்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பில் கரையும் ஸ்டாட்டின்களை எடுத்தவர்களில் பத்து ஆண்டில் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்கள் 3.3 சதவீதம், எடுக்காதவர்களில் 8.1 சதவீதம். நீரில் கரையும் வகைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் இது பதிவேடுகளைப் பார்த்துச் செய்த ஒப்பீடு, யாருக்கு மருந்து என்று குலுக்கிப் போட்டுக் கொடுத்த சோதனை அல்ல. உடல்நிலை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கே டாக்டர்கள் ஸ்டாட்டின் எழுதியிருக்கலாம். புற்றுநோயைத் தடுப்பதற்காக என்றே ஸ்டாட்டின் கேட்டு வாங்குவதற்கு இது போதாது. இருதயத்துக்காக எழுதிக்கொடுத்ததைக் கல்லீரலை நினைத்து ஒதுக்குகிறவருக்கு மட்டும் இது நல்ல பதில்.

வைரஸ் ஒழிந்ததா என்று, மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கே கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைரஸ் அழுத்தி வைத்திருந்தது விலகியதும் பலருக்கு எல்டிஎல் ஏறுகிறது. சிகிச்சைக்கு முன் 95 இருந்தவருக்கு 130 வரலாம். 3-ஆம் வகை வைரஸ் இருந்தவர்களுக்கு ஏற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். குணமானபின் உடம்பு கெட்டுவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருடைய உண்மையான கொலஸ்ட்ரால் இப்போதுதான் தெரிகிறது. இருதய ஆபத்துக் கணக்கை இந்த எண்ணை வைத்துப் புதிதாகப் போட்டு, அதுவரை ஸ்டாட்டின் தேவைப்படாதவருக்கும் தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தவர்கள், வைரஸ் போனபிறகும், ஸ்டாட்டின் போட்டாலும் போடாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனைத் தொடர வேண்டும்.